துண்டு போட்டால் பாதை இல்லை

சிங்கப்பூரில் நிலம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மொத்த நாடே சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதில் 60 லட்சம் பேர். இடம் போதாமல் கடலில் மண்ணைக் கொட்டி நாட்டையே பெரிதாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். ஒரு சதுர அடியைக்கூட சும்மா விடமாட்டார்கள் என்று பெயர்.

அப்படிப்பட்ட ஊரில் வடக்கே உட்லண்ட்ஸ் முதல் தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. அடுக்குமாடி கிடையாது, ஷாப்பிங் மால் கிடையாது, கார் போக வழி கிடையாது. ஜனங்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். அவ்வளவுதான்.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். "இவ்வளவு நிலத்தை விற்றிருந்தால் என்ன விலை வந்திருக்கும்? காலார நடக்க இவ்வளவு செலவா?" என்று கேட்பார்கள். காமர்ஸ் படிப்பவனுக்கும் முதலில் இதே கேள்விதான் வரும். ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே!

ஆனால் இந்தக் கணக்கு தப்பு. தர்ம நியாயத்தை விட்டுவிடலாம், கணக்காகவே தப்பு.

ஒரு ரயில் பாதையின் கதை

அந்தப் பட்டை ஒரு காலத்தில் மலாயா ரயில் பாதை. 1903-ல் சிங்கப்பூருக்குள் ரயில் ஓட ஆரம்பித்தது. 1918-ல் போட்ட ஒரு சட்டத்தின் கீழ் ரயில்வே நிலம் 999 வருடக் குத்தகைக்குப் போனது. 1932-ல் புக்கிட் தீமா வழியாகப் பாதையை மாற்றிப் போட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய ஸ்டேஷன் கட்டினார்கள். பிறகு சிங்கப்பூர் தனி நாடான பிறகும், ஊருக்கு நடுவே போகும் அந்தப் பாதை மலேசிய ரயில்வேயின் கையிலேயே இருந்தது.

இந்தப் பாதையில் தமிழன் வேர்வையும் இருக்கிறது. குவீன்ஸ்டவுன் பகுதியில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930களில் ரயில்வேத் தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட ஒரு சின்னக் கோயிலிலிருந்து வளர்ந்தது. தண்டவாளம் போனாலும் முனீஸ்வரன் இருக்கிறார்.

1990-ல் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் ஜைனுதீனும் நிலத்தைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று சண்டை போட்டே இருபது வருடம் ஓடியது. 2010-ல்தான் முடிவுக்கு வந்தது. ரயில் எல்லையோடு, உட்லண்ட்ஸில் நின்றுவிடும். ரயில்வே நிலம், சுமார் 174 ஹெக்டேர், சிங்கப்பூருக்குத் திரும்பும். இதற்கு ஈடாக மரினா சவுத், ஓஃபிர்-ரோச்சோர் பகுதிகளில் இருக்கும் மனைகள் ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போயின. அதில் மலேசியத் தரப்புக்கு 60 சதவீதம். ஆக, இது ஓசியில் கிடைத்த நிலமும் இல்லை. நகரத்தின் நடுவே தங்க விலை மனைகளில் பங்கு கொடுத்து வாங்கிய நிலம்.

2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் கிளம்பியது. ஓட்டிப் போனவர் ஜோகூர் சுல்தான். மறுநாள் முதல் பாதையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், தண்டவாளத்தைப் பிடுங்குவதற்கு முன் ஒரு முறை நடந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று. கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அதற்கு முந்தைய வருடமே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு அறிக்கை கொடுத்திருந்தது. சாரம் ஒன்றுதான்: முழுப் பாதையையும் அறுபடாத ஒரே பசுமை வழியாக வைத்திருங்கள். "ஒரு நல்ல பூங்கா கட்டிக் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. "பாதியாவது கொடுங்கள்" என்றும் கேட்கவில்லை. அறுக்காதீர்கள் என்று கேட்டார்கள். அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

2011 மே மாதத் தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு 60.1 சதவீதமாகக் குறைந்தது. சிங்கப்பூர் தனி நாடான பிறகு அதற்கு முன் அவ்வளவு கீழே இறங்கியதே இல்லை. ஜனங்கள் சொல்வதைக் காதில் வாங்க அரசாங்கத்துக்கு அப்போது கொஞ்சம் கூடுதல் காரணம் இருந்தது. பாதை பிழைத்தது.

கிணற்றுக் கயிறு கணக்கு

நாற்பது அடி ஆழக் கிணறு. நாற்பது அடிக் கயிறு. ஒருவர் வந்து, "இவ்வளவு நீளக் கயிறு எதற்கு, நாலாக வெட்டினால் நாலு பேருக்கு ஆகுமே" என்கிறார். வெட்டியாயிற்று. இப்போது நாலு பேரிடமும் பத்துப் பத்து அடிக் கயிறு இருக்கிறது. தண்ணீர் யாருக்கும் இல்லை. கூட்டிப் பார்த்தால் கயிறு அதே நாற்பது அடிதான், ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை!

பாதையும் அப்படித்தான். 24 கிலோமீட்டரில் அரை கிலோமீட்டரை மட்டும் விற்றால் 23.5 மிச்சம் என்று பேலன்ஸ் ஷீட் சொல்லும். நடப்பவன் காலுக்கு அது மிச்சமில்லை. வடக்கே ஒரு பூங்கா, தெற்கே ஒரு பூங்கா, நடுவே ஒரு சுவர். சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் அந்த இடத்தில் லாரிகளுக்கு நடுவே இறங்க வேண்டும். இரண்டாம் நாள் சைக்கிளை வீட்டிலேயே வைத்துவிடுவான்.

இதில் இன்னொரு கோணல். விற்பவன் ஒருபோதும் முழுப் பாதையையும் விற்பதில்லை. "இந்த ஒரு மூலைதானே" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்வான். ஒவ்வொரு முறையும் அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். அந்த மூலைக்கு நல்ல விலை, பாதைக்கோ அற்ப நஷ்டம். இப்படிச் சரியான கணக்குகள் பத்தைச் சேர்த்தால் ஒரு பாதை செத்துப் போகும். யாரும் கொலை செய்யவில்லை, எல்லோரும் ஒரு கீறல்தான் போட்டார்கள்.

அறுத்ததை ஒட்டினால் என்ன ஆகும்? அதற்கும் சிங்கப்பூரிலேயே ரசீது இருக்கிறது. 1986-ல் புக்கிட் தீமா விரைவுச் சாலை முடிந்தபோது, புக்கிட் தீமா காடும் அதன் பக்கத்தில் இருந்த பெரிய நீர்ப்பிடிப்புக் காடும் இரண்டாகப் பிரிந்தன. சாலையைத் தாண்ட முயன்ற அழுங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்தன. 2013-ல் சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாலம் கட்டினார்கள். மரத்தால் செய்த பாலம் இல்லை, மரம் வளர்த்த பாலம். செலவு சுமார் 1.6 கோடி சிங்கப்பூர் டாலர். வெறும் 62 மீட்டரை ஒட்ட! அதுவும் 27 வருடம் கழித்து.

அறுக்க ஒரு கையெழுத்து போதும். ஒட்டுவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். இதை எந்த டிப்ரிசியேஷன் டேபிளில் எழுதுவது?

அறுபடாமல் இருப்பதற்கு எதிர்பாராத லாபமும் உண்டு. நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோகப் புதிதாக 22 கிலோமீட்டர் குழாய் பதிக்க வேண்டி வந்தது. அதில் ஏறக்குறைய பாதியை ரயில் பாதையின் தெற்குப் பகுதிக்கு அடியிலேயே கொண்டு போனார்கள். அந்த நிலத்தை 2011-ல் மனை மனையாக விற்றிருந்தால்? ஒவ்வொரு மனைக்காரனிடமும் போய் நிற்க வேண்டும், இல்லை பரபரப்பான சாலைகளைத் தோண்ட வேண்டும். நடைபாதையாக விட்டுவைத்த நிலம் குழாய்க்கு வழி விட்டது. நேரான, முழுசான, பொதுச் சொத்தான ஒரு கோடு ஊருக்குள் இருந்தால் நாளை எது வந்தாலும் உதவும். என்ன வரும் என்று இன்று தெரியாது. தெரியாததற்காகத்தான் கையிருப்பு வைப்பது.

மிச்சம் மீதியில் முளைத்த வலை

"ரயில்வே நிலம் கிடைத்தது, அதிர்ஷ்டம். எல்லா ஊருக்கும் கிடைக்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சிங்கப்பூரின் பெரிய சாதனை இந்த 24 கிலோமீட்டர் இல்லை. ஊர் முழுக்க ஓடும் பூங்கா இணைப்புப் பாதைகள்தான். 1990களின் தொடக்கத்தில் காலாங் ஆற்றோரம் ஆரம்பித்தது. 2007-ல் கிழக்குப் பகுதியில் 42 கிலோமீட்டருக்கு முதல் வளையம் முடிந்தது. இப்போது மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல்.

இதற்கெல்லாம் நிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வாய்க்கால் ஓரம். மழைநீர் வடிகால்களைத் தூர்வாரவும் பராமரிக்கவும் இரு பக்கமும் விட்டுவைத்திருந்த இடம். சாலையோர ஒதுக்கு நிலம். மேம்பாலத்தின் அடி. விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. அப்படிக் கிடந்த துண்டுகளைக் கோத்தார்கள். ஒரு பூங்காவின் வாசலில் ஆரம்பித்து அடுத்த பூங்காவின் வாசலில் முடித்தார்கள். புதிதாக ஒரு பூங்கா கட்டும் செலவில்லாமல், இருக்கிற பூங்காக்கள் எல்லாம் ஒரே பூங்காவாகிவிட்டன.

பணக்கார நாடு என்பதால் செய்தார்கள் என்பது பாதி உண்மை. விளக்கும் பெஞ்சும் போடப் பணம் வேண்டும். வாய்க்கால் ஓரத்தை யாரும் வளைத்துப் போடாமல் காப்பதற்குப் பணம் வேண்டாம், முதுகெலும்பு போதும்.

எதிர்க்கேள்விகள்

"ஜனங்களுக்கு வீடு முக்கியமா, வாக்கிங் முக்கியமா?" வீடுதான் முக்கியம். சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரயில்வே நிலம் மொத்தமும் நாட்டுப் பரப்பில் கால் சதவீதம்கூட வராது. 2014-ல் கோல்ஃப் மைதானங்கள் மட்டும் சுமார் 2 சதவீத நிலத்தில் இருந்தன. அதாவது எட்டு மடங்கு! காசு கட்டிய கொஞ்சம் பேர் பந்து தட்டும் நிலத்தைப் பார்த்து வராத வீட்டுக் கவலை, காசில்லாதவனும் நடக்கும் பாதையைப் பார்த்து மட்டும் ஏன் வருகிறது?

"சிங்கப்பூர் அரசாங்கம் சொன்னால் கேட்கும், அதனால் நடந்தது." கேட்காத கதையும் உண்டு. புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தைக் காப்பாற்றச் சொல்லி இதே போன்ற ஆர்வலர்கள் கேட்டார்கள். 3,700-க்கும் மேற்பட்ட சமாதிகளைத் தோண்டி எடுத்துவிட்டுச் சாலை போட்டார்கள். 2018-ல் அதில் கார் ஓட ஆரம்பித்துவிட்டது. 2021-ல் கிராஞ்சியில், இதே ரயில் பாதையை ஒட்டிய காட்டில், சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன்பே 4.5 ஹெக்டேரை வெட்டிவிட்டார்கள். பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். மரம் திரும்பி வந்ததா என்ன?

ஆக அங்கேயும் யாரும் தேவதைகள் இல்லை. காப்பாற்றிய பாதையைக் கண் கொத்திப் பாம்பாகக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. வரைபடத்தில் கோடு இருந்ததால்தான் காவல் காக்க முடிகிறது. கோடே இல்லாவிட்டால் எதை வெட்டினார்கள் என்று கேட்கவே முடியாது.

சிங்காரமும் சிங்கப்பூரும்

இதை எதற்குத் தமிழில் சொல்ல வேண்டும்? சென்னையை சிங்கப்பூர் ஆக்குகிறோம் என்று சொல்லாத கட்சி இல்லை என்பதால்தான். கூவத்துக்குப் பக்கத்தில் யார் மைக்கைப் பிடித்தாலும் அடுத்த வரியில் சிங்கப்பூர் ஆறு வந்துவிடும். ஆற்றைப் பார்த்தவர்கள் அதன் ஓரத்தில் விட்டுவைத்த நிலத்தைப் பார்க்கவில்லை.

சிங்கப்பூரில் எந்த நிலத்தில் பாதை போட்டார்களோ, அதற்குத் தமிழ்நாட்டு வருவாய்த்துறைக் கணக்கில் ஒரு பெயர் உண்டு. வாய்க்கால் புறம்போக்கு. வண்டிப்பாதைப் புறம்போக்கு. யாருக்கும் பட்டா கிடையாது, எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அர்த்தம். இங்கே அந்த வார்த்தை தெருச் சண்டையில் திட்டும் வார்த்தையாகிவிட்டது. பொதுச் சொத்தின் பெயரையே வசவாக்கிக்கொண்ட ஊரில் பொதுப் பாதை எப்படிப் பிழைக்கும்?

பக்கிங்ஹாம் கால்வாயை எடுத்துக்கொள்ளலாம். 1806-ல் வெட்ட ஆரம்பித்தது. 1876-78 பஞ்சத்தில் பசித்த ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து அடையாறையும் கூவத்தையும் அதனோடு இணைத்தார்கள். ஆந்திரத்தில் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோமீட்டர். சென்னையின் தலை முதல் கால் வரை நேர்கோடு. எந்த ஊருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு கோடு?

என்ன செய்தார்கள்? பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். கால்வாய்க்குள்ளேயே! நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சம் என்று கணக்கு. 1995-ல் சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி என்று ரயில் நீண்டது, கால்வாய் குறுகியது. 2008-ல் அதே பக்கிங்ஹாம் கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதியாக அறிவித்தார்கள். தூணுக்கு நடுவே கப்பல் விடுவார்கள் போல!

ரயில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரயில் நல்லது. அறுபடாத ஒரு கோட்டை "சும்மா கிடக்கிற இடம்" என்று பேரேட்டில் பூஜ்யம் போட்டு எடுத்துக்கொண்டதுதான் குற்றம். பூஜ்யம் போட்டதன் வட்டியை ஒவ்வொரு பெரிய மழையிலும் கால்வாய் ஓரத்து ஜனங்கள் கட்டுகிறார்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த வாதம் யோக்கியமானதாக இருக்காது. கரையைச் சீரமைக்கிறோம் என்று சொல்லி, கூவம், அடையாறு ஓரத்தில் இருந்த குடும்பங்களை வேருடன் பிடுங்கி, நகரத்தின் தென்கோடியில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டிய ஊர் இது. வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். ஆற்றங்கரையில் தினம் நடந்தவனைத் துரத்திவிட்டு, காரில் வந்து இறங்குபவன் நடக்கப் பாதை போட்டால் அதற்குப் பெயர் பசுமை வழி இல்லை. குடிசையை இடித்துக் கிடைக்கும் பாதையும் சதுர அடி கணக்குத்தான், வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறது.

அதனால்தான் ஊர் வளர்வதற்கு முன்னாலேயே கோடு போட வேண்டும். வீடு வந்த பிறகு போட்டால் யாரையாவது இடித்தே ஆக வேண்டும். இப்போது அதற்கு நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். சிங்கப்பூரைப் போல எட்டு மடங்கு. 2008-ல் வந்த இரண்டாம் மாஸ்டர் பிளானின் ஆயுள் 2026 வரைதான். அடுத்த பிளானில் என்ன கோடு விழுகிறதோ அதுதான் இன்று பிறக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் ஊர்.

புதிதாகச் சேர்ந்த அந்தப் பகுதி முழுக்க ஏரிகள். ஏரி தனியாக இருக்காது. ஒரு ஏரியின் கலங்கலில் வழியும் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. சங்கிலி. கரை இருக்கிறது, கரைமேல் காலம் காலமாக நடந்த தடம் இருக்கிறது. பொழுதுபோக்குப் பாதை வலை என்று எந்த கன்சல்டன்ட்டும் வந்து வரைந்து கொடுக்க வேண்டாம். தண்ணீர் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது. ஏரியை மட்டும் காப்பாற்றி, "சின்ன வாய்க்கால்தானே" என்று நடுவில் லே-அவுட் போட அனுமதித்தால் ஏரியும் சாகும், பாதையும் சாகும். வெள்ளம் மட்டும் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் வரும்.

நீரூற்று வேண்டாம், நுழைவு வளைவு வேண்டாம், கலர் விளக்கு வேண்டாம், திறப்பு விழாக் கல்வெட்டுகூட வேண்டாம். வாய்க்காலின் இரு பக்கமும் சர்வே கல் நட்டு, கோட்டை மாஸ்டர் பிளானில் அறுபடாமல் போட்டு, "இந்த ஒரு மூலைதானே" என்று வருபவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும். பாதையைப் பத்து வருடம் கழித்துக்கூடப் போட்டுக்கொள்ளலாம். விற்ற மூலையைத் திரும்ப வாங்க முடியாது.